தொடக்கமும் முடிவும் சரி, நடுவில் மட்டும் பிசகு: ஒரு திரைப்பதிவில் ஒலி விலகிய விவரம்

ஈரோட்டில் வணிகவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், டேலியில் கணக்கு எழுதுவதைத் தமிழில் சொல்லித்தரும் பாட வீடியோக்களைத் தயாரித்து வருகிறார். லேப்டாப் திரையை ஒரு ரெக்கார்டிங் மென்பொருள் பதிவு செய்கிறது. திரையின் மூலையில் வெப்கேம் வழியாக அவர் முகம் தெரியும். குரலுக்கு லேப்டாப் மைக்கை நம்பாமல், சேலையில் குத்திய காலர் மைக்கைக் கையடக்க ரெக்கார்டர் ஒன்றில் செருகித் தனியாகப் பதிவு செய்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஃபேன் சத்தம் இல்லாமல் குரல் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் படம் ஒரு கோப்பில், குரல் வேறொரு கோப்பில். இரண்டையும் சேர்க்கும் இடத்தில்தான் தொல்லை.

எடிட்டிங் வேலையோடு என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இது: "தம்பி, ஆரம்பத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு. போகப் போக நான் சொல்றதுக்கு முன்னாடியே மவுஸ் போயிடுது. என்ட்ரி போட்டு முடிச்ச பிறகுதான் 'இப்ப பற்றுல போடுறோம்'னு என் குரல் வருது. ஆனா கடைசியில பார்த்தா திரும்பவும் ஏறக்குறைய சரியா இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. படமும் ஒலியும் விலகுகின்றன என்று யாராவது சொன்னால், எல்லாரும் கேட்பது எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான். அதைவிட முக்கியம், எப்படி விலகுகிறது என்பது. தொடக்கத்திலிருந்து ஒரே அளவு தள்ளியிருக்கிறதா, சீராகக் கூடிக்கொண்டே போகிறதா, ஓரிடத்தில் திடீரென்று குதிக்கிறதா, இல்லை கூடிப் பிறகு குறைகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அளந்து பார்க்காமல் ஒலியை இழுக்கவோ நகர்த்தவோ தொடங்கினால், ஓரிடத்தில் சரியாகி இன்னோர் இடத்தில் கெடும்.

இங்கே அதுதான் நடந்திருந்தது. டீச்சரின் பழைய மாணவர் ஒருவர் முதலில் முயன்றிருக்கிறார். பாதிப் பாடத்தில் குரல் ஒரு வினாடிக்கு மேல் பின்தங்குவதைப் பார்த்து, குரல் முழுவதையும் முன்னால் நகர்த்தியிருக்கிறார். நடு சரியானது, தொடக்கம் கெட்டது. அடுத்து, கோப்பின் விவரத்தில் வினாடிக்கு 29.979 ஃபிரேம் (வீடியோவை ஆக்கும் தனித்தனிப் படங்கள்) என்று இருந்ததைப் பார்த்து, இது டிவி வீடியோக்களில் வரும் 29.97 என்ற தர வேகம் என்று முடிவுகட்டி, புராஜெக்ட்டை 29.97க்கு மாற்றியிருக்கிறார். எந்த மாற்றமும் இல்லை. அக்கறையோடு செய்த வேலைதான், ஆனால் அளவு எடுக்காமல் செய்தது.

அளவு எடுத்தபோது தெரிந்தது

மாதிரிக்கு 62 நிமிடப் பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். டீச்சரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும் வெப்கேம் முன்னால் ஒரு முறை கை தட்டுவார். சினிமாவில் கிளாப் அடிப்பதைப் பார்த்து வந்த பழக்கமாம். இரண்டு முனையிலும் தட்டியது பெரிய உதவி. தொடக்கத்தில் மட்டும் தட்டியிருந்தால் விலகல் இருப்பதைத்தான் காண முடியும், முடிவில் எங்கே போய் நின்றது என்று திட்டமாகச் சொல்ல முடியாது.

முதல் கைதட்டலில் படத்தையும் குரலையும் பொருத்திவிட்டு, இடையிடையே சில இடங்களில் நின்று அளந்தேன். உதடு தெளிவாக மூடித் திறக்கும் 'ப', 'ம' எழுத்துகள் இதற்கு வசதி. பத்தாவது நிமிடத்தில் குரல் 0.74 வினாடி பின்தங்கியிருந்தது. இருபதாவது நிமிடத்தில் ஏறக்குறைய ஒன்றரை வினாடி. அதற்குப் பிறகு குறையத் தொடங்கியது. 31ஆவது நிமிடத்தில் 1.24, 45ஆவது நிமிடத்தில் 0.6. கடைசிக் கைதட்டலில் பின்தங்கல் போய், குரல் 0.16 வினாடி முந்தியிருந்தது.

இந்த எண்களைக் கோடாக வரைந்தால் முதல் இருபது நிமிடத்தில் ஏறி, பிறகு மெல்ல இறங்கும் ஒரு மேடு வருகிறது. இந்த உருவமே பல சந்தேகங்களை ஒதுக்கிவிடும். வினாடிக்கு 44,100 சாம்பிளில் (ஒலியை அளந்து எடுக்கும் புள்ளிகள்) பதிவான ஒலியை மென்பொருள் 48,000 என்று எடுத்துக்கொண்டால், ஒலி 8.8 சதவீதம் வேகமாக ஓடும். ஒரு நிமிடத்திலேயே ஐந்து வினாடி பிசகும், குரலும் மெலிந்து கீச்சென்று கேட்கும். 30 ஃபிரேம், 29.97 ஃபிரேம் குழப்பம் என்றால் விலகல் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மணிக்கு 3.6 வினாடி, நேர்கோடாகக் கூடும். யாராவது 'ஒரு மணி நேரத்தில் மூன்றரை வினாடி' என்று சொன்னாலே அதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இங்கே இரண்டும் இல்லை. இரண்டு கருவிகளின் உள்கடிகாரங்கள் ஒத்துப்போகாத கோளாறாலும் ஏறி இறங்கும் மேடு வராது.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. எடிட்டிங் மென்பொருளை மூடிவிட்டு, டீச்சர் தந்த திரைப்பதிவுக் கோப்பை அப்படியே விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓடவிட்டேன். அந்தக் கோப்புக்குள்ளேயே லேப்டாப் மைக் பதிவு செய்த சுமாரான குரலும் இருந்தது. பத்து, இருபது, நாற்பத்தைந்து நிமிடங்களில் நிறுத்திப் பார்த்தால் உதடும் குரலும் பொருந்தியே இருந்தன. அதே கோப்பை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் (படமும் ஒலியும் அடுக்கும் பட்டையில்) போட்டால், அந்தச் சுமாரான குரல்கூட நடுவில் பிசகியது. ஆக ரெக்கார்டர் இந்த மேட்டுக்குக் காரணம் இல்லை. கோப்பில் நேரம் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, எடிட்டிங் மென்பொருள் அதைத் தவறாகப் படிக்கிறது.

இந்தச் சோதனைக்கு எந்த அறிவும் தேவையில்லை, பத்து நிமிடம் போதும். ஒலி விலகல் புகாரோடு வருகிற எல்லாரிடமும் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான்.

தொலைந்த ஃபிரேம்கள்

கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற கருவியில் அதைத் திறந்தால் காரணம் எழுத்திலேயே இருந்தது: ஃபிரேம் வேகம், மாறும் வகை. கீழே குறைந்தபட்ச வேகமும் அதிகபட்ச வேகமும் தனித்தனியே, நடுவில் சராசரி 29.979.

கேமராவில் எடுக்கும் வீடியோவில் பொதுவாக ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே இடைவெளியில் வரும். கைப்பேசிகளும் லேப்டாப்பின் திரைப்பதிவு வசதிகளும் பல நேரங்களில் அப்படிச் செய்வதில்லை. கணினிக்கு மூச்சுத் திணறினால் ஒரு ஃபிரேமை விட்டுவிட்டு அடுத்ததைப் பதிவு செய்யும். சில மென்பொருள்கள் திரையில் எதுவும் அசையாதபோதும் ஃபிரேம் எழுதுவதில்லை. இதில் தவறு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 'இது இத்தனையாவது வினாடியில் காட்ட வேண்டியது' என்று நேரமுத்திரை எழுதப்படுகிறது. விஎல்சி போன்ற பிளேயர் அந்த முத்திரையைப் பார்த்து நடக்கிறது. அதனால் அங்கே சரியாக ஓடுகிறது.

எடிட்டிங் மென்பொருளுக்கு வேலை வேறு. எந்த இடத்திலும் வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும். அதற்குச் சீரான இடைவெளிதான் வசதி. மாறும் வேகக் கோப்பு வந்தால் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. கேடென்லைவ் 'இதை மாற்றித் தரட்டுமா' என்று கேட்கும். சில மென்பொருள்கள் எதுவும் சொல்லாமல் சராசரி வேகத்தை எடுத்துக்கொண்டு எல்லா ஃபிரேமையும் சம இடைவெளியில் அடுக்கிவிடும். டீச்சரின் பாடத்துக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மேடு எங்கிருந்து வந்தது என்று புரியும். 62 நிமிடம் என்றால் 3,720 வினாடி. வினாடிக்கு 30 என்றால் 1,11,600 ஃபிரேம் இருக்க வேண்டும். இருந்தது 1,11,521. ஆக 79 ஃபிரேம் குறைவு, அதாவது 2.6 வினாடிப் படம். அந்த 79ம் பாடம் முழுவதும் பரவலாகக் குறைந்திருந்தால் பிசகே தெரியாது. நேரமுத்திரைகளை எஃப்எஃப்புரோப் என்ற கருவி கொண்டு வரிசையாக எடுத்துப் பார்த்தபோது, ஃபிரேம் விடுபட்ட இடங்கள் எல்லாம் முதல் 22 நிமிடத்துக்குள் இருந்தன. டீச்சர் அந்த நேரத்தில் வினாத்தாளை ஒரு பக்கம், ஜிஎஸ்டி தளத்தை பிரவுசரில் ஒரு பக்கம், டேலியை ஒரு பக்கம் வைத்து மாறி மாறிக் காட்டிக்கொண்டிருக்கிறார். லேப்டாப் திணறிய இடம் அது. பிறகு பிரவுசரை மூடிவிட்டு டேலியில் மட்டும் வேலை செய்திருக்கிறார், ஒரு ஃபிரேமும் விடுபடவில்லை.

முதல் பகுதியில் ஃபிரேம் குறைவு, ஆனால் சம இடைவெளியில் அடுக்கியாயிற்று. அதனால் அந்தப் பகுதி உண்மையான நேரத்தைவிடச் சுருங்கி, படம் முந்தி ஓடுகிறது. இரண்டாம் பகுதியில் ஃபிரேம் முழுதாக இருக்கிறது, ஆனால் இடைவெளி 30க்கு உரியதைவிட ஒரு துளி அகலம். அதனால் அந்தப் பகுதி நீண்டு, குரல் மெல்லப் படத்தை எட்டிப்பிடிக்கிறது. மொத்த நீளம் சராசரியால் கணக்கிட்டது என்பதால் கடைசியில் இரண்டும் ஏறக்குறையச் சந்திக்கின்றன. முனைகளை மட்டும் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று அனுப்புகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். இதற்கு ஒலியை இழுத்தாலும் சுருக்கினாலும் பலன் இல்லை. கோணல் படத்தில் இருக்கிறது, ஒலியில் இல்லை.

29.979 என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான 29.97 என்றால் அது 30,000ஐ 1,001 ஆல் வகுத்த எண். மீடியாஇன்ஃபோ அதை 29.970 என்று காட்டும். 29.979, 29.84, 27.6 என்றெல்லாம் எந்தத் தரத்திலும் இல்லாத எண் வந்தால், அது விடுபட்ட ஃபிரேம்களின் சராசரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரிசெய்வது எளிது. எடிட்டிங்குக்குக் கொண்டுபோகும் முன்பே கோப்பைச் சீரான 30 ஃபிரேமுக்கு மாற்றிவிட வேண்டும். வீடியோ கோப்புகளை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் சீரான ஃபிரேம் வேகம் என்ற தேர்வு இருக்கிறது. கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் பழகியவர்கள் அதன் எஃப்பிஎஸ் ஃபில்டரைக் கொண்டு செய்யலாம். இரண்டும் நேரமுத்திரையைப் பார்த்து, விடுபட்ட இடத்தில் முந்தைய ஃபிரேமையே இன்னொரு முறை வைக்கும். 79 இடங்களில் படம் முப்பதில் ஒரு பங்கு வினாடி அசையாமல் நிற்கும். பார்க்கிறவர் யாருக்கும் தெரியாது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இது கணக்குப் பாடம். திரையில் சிறிய எழுத்துகளும் எண்களும்தான் உயிர். மாற்றும்போது தரத்தைக் குறைத்தால் 8ம் 6ம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். கோப்பு பெரிதானாலும் பரவாயில்லை என்று தரத்தை உயர்த்தியே வைத்தேன். இறுதி வீடியோ எடுத்த பிறகு அந்த இடைக்கோப்பை அழித்துவிடலாம்.

விடுபட்ட இடத்தை அதே எண்ணிக்கையில் நிரப்பும் இந்த வழி புதிது இல்லை. 1926இல் வந்த வைட்டஃபோன் என்ற பேசும்பட முறையில் படம் சுருளில், ஒலி தனி இசைத்தட்டில். இரண்டையும் ஒரே மோட்டார் சுழற்றும். சுருள் அறுந்து சில ஃபிரேம் வீணானால், வெறுமனே ஒட்டிவிட முடியாது. ஒட்டினால் அங்கிருந்து ஒலி பிசகிவிடும். வீணான ஃபிரேம் எத்தனையோ அத்தனை நீளத்துக்குக் கறுப்புச் சுருளை வைத்து ஒட்டினார்கள். எஃப்எஃப்எம்பெக் இன்று செய்வதும் அதே வேலைதான்.

மேடு போனது, சரிவு மிச்சம்

மாற்றிய கோப்பை டைம்லைனில் போட்டதும் லேப்டாப் மைக்கின் குரல் தொடக்கம் முதல் கடைசி வரை படத்தோடு ஒட்டிக்கொண்டது. இனி அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். படத்தில் உதட்டைப் பார்த்து அளப்பதைவிட, ஒலியை ஒலியோடு ஒப்பிடுவது பல மடங்கு நுட்பமானது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரண்டு தடங்களையும் மேலும் கீழுமாக வைத்து, ஒவ்வொரு சாம்பிளும் புள்ளியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினேன். டீச்சர் என்டர் கீயை ஓங்கித் தட்டுபவர். அந்த 'டக்' இரண்டு தடத்திலும் கூர்மையான முள்ளாக எழுந்து நிற்கிறது. அதைப் பிடித்தால் ஒரு மில்லி வினாடிக்குள் அளந்துவிடலாம்.

15ஆவது நிமிடத்தில் ரெக்கார்டரின் குரல் 40 மில்லி வினாடி முந்தியிருந்தது. 30இல் 79. 45இல் 119. ஒரு மணி நேரத்தில் 158. அடிமட்டம் வைத்து வரைந்தது போன்ற நேர்கோடு. இந்த உருவத்துக்கு ஒரே பெயர்தான்: இரண்டு கடிகாரங்கள்.

ஒவ்வொரு டிஜிட்டல் கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. 'இப்போது ஒரு சாம்பிள் எடு' என்று வினாடிக்கு 48,000 முறை சொல்வது அதை வைத்துத்தான். ஆனால் எந்தப் படிகமும் மிகச் சரியாகத் துடிப்பதில்லை. சாதாரணக் கருவிகளில் பத்து லட்சத்துக்குச் சில பத்துகள் கூடக் குறைய இருப்பது இயல்பு. பத்து லட்சத்தில் ஒன்று பிசகினால் மணிக்கு 3.6 மில்லி வினாடி. இங்கே பிசகு 44. டீச்சரின் ரெக்கார்டர் 'வினாடிக்கு 48,000' என்று எழுதிக்கொண்டு, லேப்டாப்பின் கணக்குப்படி 47,998 சாம்பிள்தான் எடுத்திருக்கிறது. வினாடிக்கு வெறும் இரண்டு சாம்பிள் குறைவு. அதனால் ஓடவிடும்போது குரல் கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

இரண்டில் எந்தக் கடிகாரம் சரியானது என்ற கேள்வி எடிட்டருக்குத் தேவையில்லை. இரண்டுக்கும் உள்ள விகிதம் தெரிந்தால் போதும். சினிமாக்காரர்கள் இதற்கும் வழி கண்டிருந்தார்கள். நாக்ரா டேப் ரெக்கார்டர் காலத்தில், கேமராவின் மோட்டார் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை ஒரு துடிப்பாகக் கேபிள் வழியே ரெக்கார்டருக்கு அனுப்பி, டேப்பில் குரலோடு சேர்த்து அதையும் பதிவு செய்தார்கள். பிறகு இரண்டிலும் துல்லியமான படிகம் வந்ததும் கேபிள் தேவைப்படாமல் போனது.

'158 மில்லி வினாடி பெரிய விஷயமா?' என்று கேட்கலாம். முகம் தெரியாத பாடமாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். மவுஸ் அம்புக்குறிக்கும் குரலுக்கும் இடையே அவ்வளவு வித்தியாசத்தை யாரும் உணர மாட்டார்கள். ஆனால் மூலையில் டீச்சரின் உதடு தெரிகிறது. இந்தப் பிசகு எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பிடி 1359 என்ற பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தினால் 125 வரை தெரிவதில்லை. பொறுத்துக்கொள்ளும் எல்லை முந்துவதற்கு 90, பிந்துவதற்கு 185. காரணம் இயற்கையிலேயே இருக்கிறது. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவர் கல்லில் அடிப்பது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். சத்தம் முதலில் வந்து காட்சி பிறகு வருவதை நம் மூளை எங்கும் பார்த்ததில்லை. டீச்சரின் பாடத்தில் ஒலி முந்துகிறது. இருபது நிமிடம் தாண்டும்போதே கண்ணை உறுத்தத் தொடங்கிவிடும்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றுவது ஒன்று. சாம்பிள்களை மறுகணக்கிட்டு வேகத்தையே மாற்றுவது இன்னொன்று. பெரும்பாலானவர்கள் முதல் வழிக்குப் போகிறார்கள், குரல் மாறிவிடுமோ என்ற பயத்தால். என் கருத்தில் இந்த வேலைக்கு அது தவறான கருவி. சுருதியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்த மென்பொருள் ஒலியைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்ட வேண்டும். 'க்', 'ட்', 'ப்' போன்ற வல்லின ஒற்றுகள் அந்த ஒட்டில் மழுங்க வாய்ப்பு உண்டு. எதற்காக அந்த இழப்பு? பத்து லட்சத்துக்கு 44 வேகம் மாறினால் சுருதி எவ்வளவு மாறும் என்று பாருங்கள். ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கில் பத்தில் ஒன்றுகூட வராது. எந்தச் சங்கீத வித்வானுக்கும் கேட்காது.

சாக்ஸ் என்ற இலவசக் கருவியில் வேகத்தை 0.999956 என்று கொடுத்து, வெளிவரும் ஒலியை 48,000 சாம்பிளிலேயே எழுதச் சொன்னேன். ஒரு மணி நேர ஒலி 158 மில்லி வினாடி நீண்டது. மறுபடி அளந்தபோது எந்த என்டர் 'டக்'கும் இரண்டு மில்லி வினாடிக்கு மேல் விலகவில்லை. கோப்பின் தலைப்பில் 48,000 என்பதை 47,998 என்று மாற்றிவிட்டு மறுபடி 48,000க்குக் கொண்டுவரும் வழியும் சிலர் செய்வார்கள். இந்தப் பாடத்தில் அதுவும் பலித்திருக்கும், மணிக்கு 8 மில்லி வினாடிதான் மிஞ்சும். ஆனால் முழு எண்ணாக மட்டுமே மாற்ற முடியும் என்பதால், ஒவ்வொரு படியும் மணிக்கு 75 மில்லி வினாடி. தேவையான அளவு இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால் பாதிப் பிசகு அப்படியே நிற்கும்.

மற்றப் பாடங்களுக்கும் இதே விகிதத்தைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போடவில்லை. படிகத்தின் துடிப்பு வெப்பத்தைப் பொறுத்துச் சற்று மாறும். காலையில் எடுத்த பாடத்துக்கும், ஈரோட்டு மே மாத மத்தியானத்தில் எடுத்த பாடத்துக்கும் சரிவு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு முனையிலும் கைதட்டல் இருக்கும்போது ஒவ்வொன்றையும் தனியாக அளப்பது சில நிமிட வேலை.

ஒரு பாடத்தில் மட்டும் ஒரு குதிப்பு

தேய்மானக் கணக்கு பற்றிய பாடத்தில் வேறொரு உருவம் வந்தது. 41 நிமிடம் வரை அதே மென்மையான சரிவு. அங்கே ஒரே இடத்தில் குரல் 320 மில்லி வினாடி முன்னால் குதித்து, பிறகு மறுபடி அதே சரிவில் போனது. படிக்கட்டு மாதிரி குதித்தால் ஒலிச் சாம்பிள்கள் எங்கோ தொலைந்திருக்கின்றன என்று பொருள்.

இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. 40ஆவது நிமிடத்தில் பொருந்துகிறது, 42இல் பொருந்தவில்லை. நடுவில் பாதி, அதில் பாதி என்று நெருங்கிப் போனால் ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. லேப்டாப் மைக்கில் டீச்சர் 'தேய்மானம் பற்று' என்று முழுதாகச் சொல்கிறார். ரெக்கார்டரில் அது 'தேய்ம-று' என்று கேட்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மேலே ஏறிக்கொண்டிருந்த அலைக்கோடு அப்படியே அறுந்து, அடுத்த சாம்பிளில் வேறெங்கோ கீழே தொடங்குகிறது. இயற்கையான எந்த ஒலியும் அப்படி முறியாது. அந்த முறிவில் ஒரு மெல்லிய 'டிக்' சத்தமும் இருந்தது.

மெமரி கார்டு பழையது, வேகம் குறைந்தது. கார்டு எழுதி முடிக்கத் தாமதித்தால் ரெக்கார்டர் தன் தற்காலிக நினைவில் ஒலியைத் தேக்கி வைக்கும். அது நிரம்பினால் வழிந்து போவதைத் தவிர வழியில்லை. கார்டை மாற்றிய பிறகு எந்தப் பாடத்திலும் இது திரும்ப வரவில்லை.

இந்தப் பாடத்தில் சரிவைத் திருத்தும் முன் குதிப்பைத் திருத்த வேண்டும். வரிசை மாறினால் 320 மில்லி வினாடியும் சரிவின் கணக்கில் சேர்ந்து, பாடம் முழுவதையும் கெடுத்துவிடும். முறிவில் வெட்டி, பின்பகுதியை 320 மில்லி வினாடி தள்ளி வைத்தேன். நடுவில் விழுந்த வெற்றிடத்தில் லேப்டாப் மைக்கின் அதே துண்டை எடுத்து வைத்து, ஒலி அளவையும் தொனியையும் முடிந்தவரை ஒத்துப்போகச் செய்தேன். ஒட்டு முழுதாக மறையவில்லை, அறையின் எதிரொலி அந்த ஒரு சொல்லில் லேசாகக் கேட்கிறது. ஆனால் கணக்குப் பாடத்தில் 'பற்று' என்ற சொல் தொலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது பதிவு செய்யும் முறை

டீச்சர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒவ்வொரு பாடத்துக்கும் நீங்க இவ்வளவு பாடுபடணுமா தம்பி?"

"வேண்டாம் டீச்சர். பதிவு செய்யும் இடத்திலேயே பெரும்பகுதியைத் தடுத்துடலாம்" என்றேன்.

திரைப்பதிவுக்கு ஓபிஎஸ் என்ற மென்பொருளுக்கு மாறினோம். அது சீரான ஃபிரேம் வேகத்தில் எழுதும், லேப்டாப் திணறினால் முந்தைய ஃபிரேமை மறுபடி வைத்துக்கொண்டு நேரத்தைக் காப்பாற்றும். கோப்பை எம்கேவி வகையில் பதிவு செய்யச் சொன்னேன், இடையில் கரண்ட் போனாலும் அதுவரை பதிவானது மிஞ்சும். வினாத்தாளையும் ஜிஎஸ்டி தளத்தையும் பாடம் தொடங்கும் முன்பே திறந்து வைத்து, மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்.

ரெக்கார்டரை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்து மைக்காகவே பயன்படுத்த முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த வகை ரெக்கார்டர்கள் பலவற்றில் அந்த வசதி மெனுவுக்குள் இருக்கிறது. அப்படிச் செய்தால் குரல் நேராகத் திரைப்பதிவுக் கோப்புக்குள் போய்விடும், கடிகார வித்தியாசத்தைப் பதிவு செய்யும் மென்பொருளே அவ்வப்போது ஈடுசெய்துகொள்ளும். மேக் கணினியில் இரண்டு ஒலிக்கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள், ஆடியோ மிடி செட்டப்பில் விலகல் திருத்தம் என்ற பெட்டியை டிக் செய்ய மறக்கக் கூடாது. கைதட்டல் மட்டும் இரண்டு முனையிலும் தொடர்கிறது. அதை எந்த ஏற்பாட்டிலும் விட வேண்டாம் என்பேன்.

மிஞ்சியது வெப்கேம். யுஎஸ்பி வெப்கேமில் முகம் திரைக்கு வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். டீச்சரின் கேமராவில் அது 90 மில்லி வினாடி அளவில் இருந்தது. மாறாத தாமதம்தான், ஆனால் பழைய கோப்புகளில் முகமும் திரையும் ஒரே படமாகப் பதிந்துவிட்டதால் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய வழியில்லை. அவற்றில் குரலை முகத்தோடு பொருத்தினேன், மவுஸ் 90 மில்லி வினாடி முந்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஓபிஎஸ்ஸில் முகமும் திரையும் தனித்தனி என்பதால் அங்கே இரண்டுக்கும் வழி இருக்கிறது. திரைக்கு 90 மில்லி வினாடித் தாமத ஃபில்டர், குரலுக்கு அதே அளவு சிங்க் ஆஃப்செட் (ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு). வெப்கேமை அப்படியே விட்டுவிடலாம். மூன்றும் கைதட்டலில் ஒரே ஃபிரேமில் வந்து நிற்கின்றன.